ஐயமும் அருமருந்தும்

ஒரு பொருளைத் தெளிவுற உணர்தலை ‘ஐயந்திரிபற உணர்தல்’ என்று தமிழ்ச் சான்றோர் கூறுவர். ஐயம் வேறு, திரிபு வேறு. அந்தி மயங்கும் வேளையில் தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தயங்குவது ஐயம். கட்டையை மனிதன் என்றே துணிந்து அதனோடு பேசத் தொடங்குவது திரிபு. இரண்டையும் அறிவின் குற்றங்களாகவே நம் முன்னோர் வைத்தனர். ஆயினும் அவை ஒரு தரத்தன அல்ல. ஐயுற்றவன் அருகே சென்று பார்ப்பான்; திரிந்து உணர்ந்தவனுக்கு அத்தேவையே தோன்றாது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் உலகை அலைக்கழித்த கொரோனாப் பெருந்தொற்றின்போது ஐயமும் திரிபும் எதிரெதிர் நின்று பொருத களமாகச் சித்தூர், திருப்பதிப் பகுதி விளங்கியது. அவ்வரலாற்றை இவ்வாண்டு மலரில் ஒருவாறு எழுதிவைக்க விழைகின்றேன்.

சித்தூர்ச் சீமை நமக்கு அயலன்று. வடாற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து 1911 ஏப்ரல் 1 அன்று அமைக்கப்பட்ட மாவட்டம் அது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தோன்றும் வரை சென்னையோடு இருந்தது. எல்லைக் கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று நம் பக்கம் வந்தது. திருப்பதியும் சித்தூரும் அப்பக்கமே நின்றன. நகரி, புத்தூர், பலமநேர், குப்பம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் பல. 2022 ஏப்ரல் 4 அன்று அம்மாவட்டமும் பிரிக்கப்பட்டது. திருப்பதி தனி மாவட்டமாயிற்று, மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்தில் சேர்ந்தது. யான் கூறப் புகும் செய்திகள் அப்பிரிவினைக்கு முற்பட்டவை. ஆதலின் பழைய பெயரையே ஆள்கின்றேன். கொண்டும் கொடுத்தும் உறவு கலந்த ஊர்கள் இவை. பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து காலனி அமைத்து வாழும் நம் வீடுகளுக்கும், அவ்வூர் உறவினர் கைப்பேசி வழியே அனுப்பிய மருந்துக் குறிப்புகள் அந்நாளில் நாள்தோறும் வந்து குவிந்தன அல்லவா?

அம்மக்கள் எதனையும் எளிதில் நம்பும் பேதையர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. நாட்டு வைத்தியத்தின்பால் அவர்கள் கொண்ட நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. ‘புத்தூர்க் கட்டு’ என்ற பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. கை முறிந்தவரும் கால் பிசகியவரும் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் புத்தூருக்கு அருகிலுள்ள அச்சிற்றூருக்குச் சென்று, மூங்கிற் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு மீளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது. அக்கட்டிலும் பிழை நேர்வதுண்டு. ஆனால் நேர்ந்த பிழை மறையாது. கோணிக் கூடிய கை ஊரார் அனைவருக்கும் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். எலும்பு முறிவில் கண்ணே சாட்சி.

தொற்றுக் காய்ச்சலின் இயல்போ வேறு. அந்நோய் கண்டவருள் மிகப் பெரும்பாலோர் மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் தேறிவிடுவர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தாமே தேறுவர் என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை மந்திரித்து நூறு பேருக்கு வழங்கினாலும், தொண்ணூற்றெட்டுப் பேர் அவரை வாழ்த்திச் சான்று பகர்வர். அவர்களுள் ஒருவரும் பொய்யர் அல்லர். ஒவ்வொருவரும் தாம் கண்டதையே கூறுகின்றனர். எஞ்சிய இருவர் பேச இரார். ஆகவே, இத்தகைய நோயில் கண் சாட்சியாகாது. எண்ணே சாட்சியாதல் வேண்டும். மருந்து உண்டவர் இத்தனை பேர், உண்ணாதவர் இத்தனை பேர், இருதிறத்தாருள் தேறியவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்று அருகருகே நிறுத்தி எண்ணினாலன்றி உண்மை புலப்படாது. பெருந்தொற்றுக் காலத்தில் ஐயுற்றோர் கேட்ட கேள்வி அனைத்தும் இவ்வொன்றில் அடங்கும்.

நோய் வந்து சேருமுன்னரே நோயைப் பற்றிய திரிபுணர்வு சித்தூர் மாவட்டத்தில் ஓர் உயிரைக் கவர்ந்தது. இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் 2020 சனவரி 30 அன்று கண்டறியப்பட்டார். ஆந்திரத்தில் முதல் நோயாளி நெல்லூரில் கண்டறியப்பட்டது மார்ச்சு 12 அன்று. இவ்விரு நாள்களுக்கும் இடையே, பிப்ரவரித் திங்களில், திருக்காளத்திக்கு அண்மையிலுள்ள தொட்டம்பேடு மண்டலத்துச் சிற்றூரொன்றில் ஐம்பது வயது கடந்த குடும்பத் தலைவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. திருப்பதியில் மருத்துவம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பிய அவர், சீன நாட்டுக் காட்சிகளைக் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் கண்டு, தமக்கு வந்திருப்பது அந்நோயே என்று துணிந்துவிட்டார். மனைவி மக்களை அருகே வரவொட்டாமல் விலக்கினார். அவர்களைக் காப்பதாக எண்ணியே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அம்மாநிலத்திலேயே அந்நோய் கண்டறியப்பட்டவர் ஒருவரும் இலர். தம் குடும்பத்தின்பால் அவர் வைத்திருந்த அன்பில் குறை காண யாரால் இயலும்? உண்மை இன்னதென்று அமைதியாக அவருக்கு எடுத்துரைத்து, உடன் அமர்ந்திருக்க ஒருவர் வாய்த்திலர் என்பதே நெஞ்சை வருத்துகின்றது.

மார்ச்சு 22 அன்று மாலை 5 மணிக்கு மருத்துவப் பணியாளரைப் போற்றும் பொருட்டு நாடெங்கும் மக்கள் கைதட்டினர். தட்டும் மணியும் ஒலித்தனர். நன்றி கூறும் அச்செயலை யாரும் குறைகூறார். ஆனால் அவ்வொலியின் அதிர்வு நோய்க்கிருமியை அழித்துவிடும் என்ற செய்தியும் உடன் பரவியது. அதனை மறுத்து முதலில் குரல் எழுப்பியோருள் அவ்வாண்டு மார்ச்சில் ஒன்றுகூடிய இந்திய அறிவியலாளர் குழுவினர் குறிப்பிடத்தக்கவர். நாடெங்குமுள்ள ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்ந்த நானூற்றுக்கும் மேற்பட்டோர், ஊதியம் கருதாது, பரவிய பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்ன காரணத்தால் இது பிழை என்று பல மொழிகளில் விளக்கினர். தமிழிலும் அவ்விளக்கங்கள் வந்தன. பொய் ஒரே இரவில் ஓர் ஊரைச் சுற்றிவரும். மறுப்பு ஒரு தெருவைக் கடப்பதற்குள் விடிந்துவிடும். இருந்தும் அவர்கள் சலித்திலர்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஊமத்தை வந்தது. சித்தூர் மாவட்டத்துப் பைரெட்டிப்பள்ளி மண்டலத்தில் ஆலப்பள்ளி என்பது ஒரு சிற்றூர். டிக்டாக் என்னும் காட்சிச் செயலியில் வந்த ஒரு துணுக்கைக் கண்டு, அவ்வூர்க் குடும்பத்தார் பத்துப் பேரளவில் ஊமத்தை விதையை அரைத்துக் குடித்தனர். மயங்கி வீழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பிழைத்தனர். ஊமத்தை உண்டால் பித்தேறும் என்பது நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தி. சிவபெருமான் சூடும் மலராயினும் அது நஞ்சு; அத்ரோப்பின், ஸ்கோப்பலமின் ஆகிய கடுமையான பொருள்கள் அதில் உள. நா வறண்டு, கண்மணி விரிந்து, புலம்பல் எழுந்து, அளவு மிகின் உயிரும் போகும். நஞ்சென்று தெரிந்த செடியை ஏன் குடித்தார்கள்? முள் நிறைந்த ஊமத்தங்காயின் வடிவம், படங்களில் காட்டப்பட்ட கொரோனாக் கிருமியின் வடிவத்தை ஒத்திருந்தது! உருவம் ஒத்தது நோயை ஒழிக்கும் என்று அத்துணுக்கு ஓதியது.

இதைக் கேட்டு நகைப்பவர் சற்றுப் பொறுக்க. உருவ ஒப்புமையால் மருந்தைத் தேர்வது ஆலப்பள்ளி மக்கள் கண்டுபிடித்ததன்று. ஐரோப்பியப் பண்டிதர்கள் பல நூற்றாண்டுகள் அதனை ஒரு கொள்கையாகவே போற்றினர். மூளைபோல் மடிந்திருக்கும் அக்ரூட் பருப்பு மூளை நோய்க்கு மருந்து என்று நூல் எழுதினர். காரணம் தெரியாத துன்பம் வரும்போது மனித உள்ளம் ஏதேனும் ஓர் ஒழுங்கைப் பற்றிக்கொள்ளத் துடிக்கின்றது. அதற்கு நாடு, மொழி, கல்வி என்ற வேறுபாடு இல்லை.

இனி இவ்வரலாற்றின் துயரம் மிக்க பகுதிக்கு வருவோம். 2021 ஏப்ரல், மே திங்கள்களில் இரண்டாம் அலை பாய்ந்தது. படுக்கை கிடைக்கவில்லை, உயிர்வளி கிடைக்கவில்லை. மே 10 அன்று இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் உயிர்வளியின் அழுத்தம் குறைந்து, தீவிரச் சிகிச்சையில் இருந்தோருள் 11 பேர் உயிரிழந்தனர். ஏழுமலையான் அடிவாரத்தில், ஒரு பெரிய மருத்துவமனைக்குள்ளேயே, மூச்சுக்கு வழியில்லை என்ற செய்தி மறுநாள் காலை ஆந்திரம் முழுதும் பரவியது. அடுத்த 11 ஆம் நாள் நடந்ததை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

நெல்லூர் மாவட்டத்தில், துறைமுகத்தால் பெயர்பெற்ற கிருஷ்ணபட்டினத்தில், போனிகி ஆனந்தையா என்னும் நாட்டு வைத்தியர் கொரோனாவுக்கு மருந்து வழங்கிவந்தார். விலை எதுவும் பெறவில்லை. தேனும் மூலிகையும் கடைச்சரக்கும் கலந்த லேகியங்கள் சில. மூச்சுத் திணறுவோருக்குக் கண்ணில் விடும் சொட்டு ஒன்று. மே 21 அன்று பல்லாயிரவர் அச்சிற்றூரை மொய்த்தனர். நோயாளிகள் மருத்துவமனைப் படுக்கையை விட்டு ஆம்புலன்சிலேயே வந்தனர். திருப்பதியிலிருந்து சில மணி நேரப் பயணம். ஆதலின் சித்தூர் மாவட்டத்தாரும் வண்டி பிடித்தனர். தொற்றுநோய்க்கு மருந்து பெறவந்த கூட்டமே தொற்றைப் பரப்பும் கூட்டமாயிற்று. அரசு வழங்கலை நிறுத்தி ஆராய்ச்சிக்கு ஆணையிட்டது.

அப்போது ஐயம் எழுப்பியவர் நிலை எளிதாக இல்லை. ஆந்திரத்தில் 1988 முதல் பணியாற்றிவரும் ஜன விஞ்ஞான வேதிகை என்னும் மக்கள் அறிவியல் அமைப்பினர், பயன் மெய்ப்பிக்கப்படாத மருந்தை மக்களுக்கு வழங்கலாகாது என்று வெளிப்படையாகக் கூறினர். மருத்துவர் சிலரும் கூறினர். பொருள் வேண்டாத ஏழை வைத்தியரின் புகழைப் பொறாதவர் என்றும், மருந்துக் கம்பெனிகளின் கையாட்கள் என்றும் அத்தகையோர் மீது பழி எழுந்தது. இவர்களுக்கு முன்னோர் உண்டு. இலங்கையில் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், சோதனைக்கு உட்பட்டு அற்புதம் நிகழ்த்துவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அறைகூவினார். கோவையை அடுத்த போத்தனூரிலிருந்து ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ என்னும் இதழை நடத்திய பிரேமானந்த், 2009 இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று வித்தைகளின் மறைவை மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். ‘நம்பாதே’ என்று சொல்லி அகன்றவர்கள் அல்லர் அவர்கள். ‘வா, சேர்ந்து பார்ப்போம்’ என்பதே அவர்களது முறை.

கிருஷ்ணபட்டினத்து மருந்தைப் பொறுத்தவரை நல்லோர் பலர் வேறொரு வினாவை எழுப்பினர். தேனும் மிளகும் யாருக்குத் தீங்கு செய்யும்? பயன் இல்லாவிடினும் மனத்துக்கு உறுதி தருமே. அந்த நம்பிக்கையை ஏன் கலைக்க வேண்டும்? இது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. நன்மை கருதிச் சொல்லும் பொய் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு விடை உள்ளது.

திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரையை நாம் அறிவோம். சென்னைக் கலெக்டராயிருந்து 1819 இல் மறைந்தவர்; எல்லீசர் என்று தமிழர் அன்புடன் அழைக்கும் பெருமகனார். அவர் காலத்தில் பெரியம்மையைத் தடுக்கப் பசுவின் அம்மைப்பாலைக் குத்தும் முறை புதிதாக வந்தது. மக்கள் அஞ்சினர். அச்சத்தைப் போக்க எல்லிஸ் தமிழிலேயே ஓர் உரையாடல் இயற்றினார். பசுவிடமிருந்து வரும் இப்பாலும் சக்தி தேவியின் அருட்கொடையே என்று அதில் தேவியின் வாய்மொழியாகவே கூறினார். நோக்கம் நன்று, காத்த முறையும் மெய்யான முறை. ஆயினும் நிகழ்ந்தது என்ன? பசு அம்மைக் குத்தலைப் பண்டை இந்திய நூலே கூறியுள்ளது என்ற போலிச் செய்தி ஏறத்தாழ அதே காலத்தில் கிளம்பி, ஐரோப்பா வரை சென்று, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கற்றோர் நூல்களில் மேற்கோளாக உலவியது. டொமினிக் வுஜஸ்டிக் என்னும் வடமொழி ஆராய்ச்சியாளர் அண்மைக் காலத்தில்தான் அதற்கு மூலநூல் இல்லை என்று நிறுவினார். பொய்ம்மைக்கும் வாய்மையிடத்தை அளித்த வள்ளுவர், அதற்கு விதித்த நிபந்தனை எத்துணைக் கடுமையானது என்பதைக் குறளைப் பெயர்த்த எல்லிஸ் அறியாதவர் அல்லர். சொன்னவர் மறைந்த பின்னும் பொய் தன் போக்கில் வாழ்ந்துகொண்டிருக்கும்; அதனை அழைத்துவந்த நல்லெண்ணம் அதற்குக் காவல் நில்லாது.

கிருஷ்ணபட்டினத்து மருந்தின் ‘தீங்கின்மை’யும் இவ்வாறே ஆராயத்தக்கது. லேகியம் தீங்கற்றதாயிருக்கலாம், லேகியத்தை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாது கழித்த மூன்று நாள் தீங்கற்றதன்று. கிருஷ்ணபட்டினத்திலேயே அது தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மூச்சுத் திணறலோடு வந்து கண்ணில் சொட்டு விட்டதும் சிறிது நேரத்தில் தேறிவிட்டதாகக் கூறிய காட்சியே நாடெங்கும் பரவி அக்கூட்டத்தைத் திரட்டியது. அவர் நெல்லூர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மே 31 அன்று காலமானார். அவர் தேறினார் என்ற காட்சியைக் கண்டோர் பல இலட்சம். மறைந்தார் என்ற செய்தியைப் படித்தோர் எத்தனை பேர்?

இங்கே திருப்பதிக்கு ஒரு பங்கு வந்தது. மருந்து உண்ட ஏறத்தாழ 500 பேரைத் தொடர்பு கொண்டு விவரம் திரட்டும் பணி, மைய ஆயுர்வேத ஆராய்ச்சிக் குழுமத்தின் சார்பில் விஜயவாடா ஆராய்ச்சி நிலையத்திடமும் திருப்பதி வேங்கடேசுவரா ஆயுர்வேதக் கல்லூரியிடமும் ஒப்படைக்கப்பட்டது. கேட்கத் தொடங்கியது நன்றே. ஆனால் உண்டவரை மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும்? தொலைபேசியை எடுத்துப் பேசுவோர் பிழைத்தோர் மட்டுமே. உண்ணாதவரை உடன் வைத்து எண்ணாத கணக்கு, ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு போன்றது. தலைமையாசிரியர் மறைந்த அதே மே 31 அன்று, மருந்து கொரோனாவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை, தீங்கு காணப்படவில்லை என்ற கருத்தின் மீது, கண் சொட்டு நீங்கலாகப் பிறவற்றை வழங்க அரசு இசைந்தது. மருத்துவர் தரும் மருந்தை நிறுத்தலாகாது என்றும் அறிவுறுத்தியது. சான்றில்லை என்ற சொல் கோப்பில் நின்றது. அரசு இசைந்தது என்ற சொல் ஊருக்குள் போயிற்று. சூன் திங்களில், திருப்பதியை அடுத்த சந்திரகிரித் தொகுதியில் வீடுதோறும் அம்மருந்தை வழங்க ஏற்பாடுகள் நடைபெற்றன.

எண்ணிப் பார்க்கும் முறை அம்மாவட்டத்துக்குத் தெரியாததா? அன்று. இந்திய மருத்துவ வரலாற்றில் அதனை முன்னோடியாகச் செய்து காட்டிய ஊர்களுள் ஒன்று சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்தியன் பிரிமோட் மோலர் தலைமையில் 1915 இல் காசநோய் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. காசத்துக்கு மருந்தே இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே சிகிச்சை. அவருக்குப் பின் அவர் மகன் யோகான்னஸ் பிரிமோட் மோலர் அந்நிலையத்தில் ஆராய்ச்சிகளை நடத்தினார். காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. இந்தியாவில் முதன்முதல் 1948 ஆகஸ்டில் மதனப்பள்ளியில்தான் குத்தப்பட்டது.

அவ்வூசியை எதிர்த்தவர் யார் என்பது நம்மவருக்குச் சுவையான செய்தி. சென்னையில் ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியியலாளர் ஏ. வி. ராமன் தொடர்ந்து எழுதினார். முதலமைச்சர் பதவியை விட்டிருந்த இராசாசி, 1955 இல் தாம் ஏன் பி.சி.ஜி.யை எதிர்க்கின்றேன் என்று ஒரு சிறுநூலே வெளியிட்டார். அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் இராசகுமாரி அம்ரித் கௌர் ஊசியின் பக்கம் நின்றார். இராசாசி கூறிய தீங்குகளுள் பல ஆதாரமற்றவை. ஆயினும், கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் குத்துமுன் பயனுக்குச் சான்று எங்கே என்ற அவர் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. அக்கேள்விக்கு மதனப்பள்ளி தந்த விடை வசைமொழி அன்று. 1950 முதல் நகரிலும் சூழ்ந்த சிற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று மக்களைப் பெயர் எழுதி, மார்பைப் படமெடுத்து, ஒரு சாராருக்கு ஊசி குத்தி, ஒரு சாராருக்குக் குத்தாது விட்டு, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து எண்ணினர். ஊசியைக் கொண்டுவந்தவரே அதனைச் சோதித்தார்! காப்பு எதிர்பார்த்த அளவு இல்லை என்று தெரிந்தபோது அதனையும் 1973 இல் அவர்களே அச்சிட்டனர்.

பிறகு 1968 இல், சித்தூர் எல்லையை ஒட்டிய திருவள்ளூர் வட்டாரத்தில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே இன்னும் பெரிய சோதனை தொடங்கியது. 1979 இல் வெளிவந்த முடிவு உலக மருத்துவர்களைத் திடுக்கிடச் செய்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசம் முதலிய கொடிய வகைகளைத் தடுக்கும் என்பது பிற ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. ஆதலின் குழந்தைகளுக்கு அது தொடர்ந்து குத்தப்படுகின்றது. இராசாசி முழுதும் வென்றார் என்றோ, அமைச்சர் முழுதும் வென்றார் என்றோ கூற இயலாது. இருவரும் பேச்சால் தீர்க்க முடியாததை, வெயிலில் தெருத்தெருவாக நடந்து பெயர் எழுதிய பணியாளர்கள் தீர்த்தனர். அவர்கள் பெயரை யாரும் மலரில் அச்சிடுவதில்லை.

கொரோனாக் காலத்திலும் உலகின் பிற பகுதிகளில் இத்தராசு தூக்கப்பட்டது. மலேரியாவுக்கான ஹைட்ராக்சி குளோரோகுயின் மருந்தை வல்லரசுகளின் தலைவர்களே புகழ்ந்தனர். இங்கிலாந்தில் நடந்த ‘ரெக்கவரி’ என்னும் பெருஞ்சோதனை, சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தது. 2020 சூன் திங்களில் அப்புகழ்பெற்ற மருந்து மருத்துவமனை நோயாளிகளின் உயிரைக் காக்கவில்லை என்று தெரிந்தது. அதே திங்களில், அதே சோதனையில், யாரும் போற்றாத பழைய, மலிவான டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்றும் தெரிந்தது. தராசுக்கு வெள்ளைக்காரர் மருந்து, நாட்டு மருந்து என்ற பேதம் இல்லை. ஆனந்தையாவின் லேகியமும் அத்தட்டில் ஏறியிருக்கலாம். ஏற்றியிருந்தால் அவருக்கும் நன்றாயிருந்திருக்கும்.

ஐயுற்றோர் நாட்டு வைத்தியத்தை மட்டுமே வினவினர் என்பாரும் உளர். அது சரியன்று. ஐதராபாத்தில் பாரத் பயோடெக் செய்த கோவாக்சின் தடுப்பூசிக்கு 2021 சனவரி 3 அன்று அரசு இசைவு தந்தபோது, இறுதிக் கட்டச் சோதனையின் முடிவு வந்திருக்கவில்லை. கணக்கைக் காட்டாமல் இசைவு தரலாமா என்று அறிவியலாளரும் நலவாழ்வு அமைப்பினரும் அன்றும் கேட்டனர்; நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற வசையையும் ஏற்றனர். வசை ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை.

கணக்கு சூலை 3 அன்று வெளிவந்தது. சோதனையில் கலந்துகொண்டோர் 25,798 பேர். பாதிப் பேருக்கு மெய்யூசி, பாதிப் பேருக்கு வெற்றூசி. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, குத்தியவருக்கும் தெரியாது. அவர்களுள் நோய் கண்டவர் 130 பேர். ஏட்டைத் திறந்து பார்த்தபோது, வெற்றூசி பெற்றோருள் 106 பேர்; மெய்யூசி பெற்றோருள் 24 பேர். அவ்வாண்டு நவம்பரில் ‘லான்செட்’ இதழ் அக்கணக்கை, வேண்டுவோர் எவரும் கூட்டிக் கழித்துப் பார்க்குமாறு, முழுமையாக அச்சிட்டது.